இடது பின் சக்கரம்

சக்கரத்தின் சூட்டைப் பார்க்கும்போது உள்ளங்கையை வைக்கக் கூடாது, புறங்கையை வைக்க வேண்டும். உள்ளங்கைத் தோல் வேலை செய்து செய்து மரத்துப்போயிருக்கும்; சூடு அதற்குத் தாமதமாகத்தான் உறைக்கும். புறங்கை உடனே சொல்லிவிடும். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு ட்ரெய்லர் நிற்கிறது என்று காபி கொண்டுவந்து வைத்தபோது சொன்னீர்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். அடுத்த முறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போகும்போது, முதலில் பெட்ரோல் போட நிறுத்துகிற இடத்திலேயே தொட்டுப் பாருங்கள். நாலு சக்கரமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், ஒரு அடிகூட நகராதீர்கள்.

வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னை யாரும் இங்கே வரச் சொல்லவில்லை. வடக்கு டகோட்டாவில் மைனாட்டிலிருந்து இந்த அரிசோனா வரைக்கும் நானாகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓரின் செத்துப்போன விஷயத்தில் எங்கள் ஊரில் ஒரு தவறான பேச்சு பரவியிருக்கிறது. அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஊரில் இருக்கிற போலீஸிடம் சொன்னால் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விபத்து நடந்தது உங்கள் மாநிலத்தில். அதனால் உங்களிடம் சொல்வதுதான் முறை.

எங்கள் பக்கத்தில் அக்டோபர் வந்தால் வயதானவர்கள் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற ட்ரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டித் தெற்கே கிளம்பிவிடுவோம். குளிரையெல்லாம் இங்கே பாலைவனத்தில் கழித்துவிட்டு ஏப்ரலில் திரும்புவோம். நாங்கள் மூன்று ட்ரெய்லர்கள் சேர்ந்து வருவது வழக்கம். ஓரினும் அவன் மனைவி ஆர்டிஸும் ஒன்றில். டெல்மரும் அவன் மனைவி ஃபேயும் ஒன்றில். நானும் என் மனைவி மார்லிஸும் ஒன்றில். மார்லிஸ் போன பிறகு நான் மட்டும். ஓரின் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். மார்லிஸின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவன் ஒருவன். அந்த வருடம் நான் தெற்கே வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது, வந்து கதவைத் தட்டி, "கேலன், நீ வராம எங்க சக்கரத்தை எவன்டா பாக்கறது?" என்று கேட்டவனும் அவன்தான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுந்து கிளம்பினேன்.

ஏனென்றால் அது என் வேலை. காலமெல்லாம் விவசாய இயந்திரக் கடையில் பேரிங் கழற்றி மாட்டியவன் நான். செப்டம்பரில் ஓரினின் கொட்டகையில் ட்ரெய்லர்களை வரிசையாக நிறுத்துவோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக் டிரம்மைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் அலசி வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்ப்பேன். நீலம் பாய்ந்திருந்தால் சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிட வேண்டும். நன்றாக இருந்தால், உள்ளங்கையில் கிரீஸை அள்ளி வைத்துக்கொண்டு, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடைக்க வேண்டும். கிரீஸ் கன்னை வைத்து வெளியிலிருந்து பம்ப் அடிப்பது சோம்பேறி வேலை. கொஞ்சம் அதிகமாகப் போனாலும் பின்னால் இருக்கிற சீல் பிய்ந்து, கிரீஸ் பிரேக் கட்டைமேல் ஏறிவிடும். அப்புறம் அந்தச் சக்கரத்துக்கு பிரேக் இருக்கும், பிடிக்காது. கடைசியில் நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, வெறும் விரலால் திருகி நிறுத்தி, நட்டு கழலாதபடி காட்டர் பின்னைச் செருகி வளைத்துவிட வேண்டும். பலம் இருக்கிறது என்று இறுக்கிவிட்டால் பேரிங் எரிந்துபோகும்.

அந்த நாட்களில் ஆர்டிஸ் லெஃப்ஸா சுடுவாள். உருளைக்கிழங்கு மாவில் மெல்லிசாகச் சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டித் தட்டில் கொண்டுவந்து வைப்பாள். என் இரண்டு கையும் கிரீஸாக இருக்கும். ஓரின்தான் எடுத்து என் வாயில் வைப்பான். "வாயைத் தொறடா, பெரிய சர்ஜன்" என்பான். எனக்குச் சக்கர டாக்டர் என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

பாதையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே நிறுத்தினாலும் நான் இறங்கி எல்லா ட்ரெய்லர்களின் எல்லாச் சக்கரங்களையும் நடுவில், ஹப்பில், தொட்டுப் பார்ப்பேன். கழிப்பறைக்குக்கூட அப்புறம்தான் போவேன். பார்த்து முடித்ததும் அந்தந்த ட்ரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவேன். தட்டினால் கிளம்பலாம் என்று அர்த்தம். தட்டும்வரை ஒருவரும் சாவியைத் திருப்ப மாட்டார்கள். ஒரு தடவை கொட்டுகிற மழையில் நான் தட்ட மறந்து என் வண்டியில் ஏறிவிட்டேன். ஓரின் எஞ்சினை எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தான். நான் நனைந்துகொண்டு திரும்பிப்போய்த் தட்டின பிறகுதான் நகர்ந்தான். போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

இந்த செப்டம்பரில் டெல்மரிடம் புது ட்ரெய்லர், அதற்கு வேலை இல்லை. நான் என்னுடையதை முடித்துவிட்டு ஓரினுடையதற்கு ஜாக்கியை நகர்த்தினேன். அவன் தடுத்தான்.

"இந்த வருஷம் வேணாம்டா, விட்டுடு."

"ஏன்?"

"போன வருஷம் அங்க போய் நின்னதோட சரி. எங்கயும் சுத்தல. கிரீஸ் அப்படியே இருக்கும்."

"ஓடினாலும் ஓடாட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். உனக்கு நான் சொல்லணுமா?"

"உனக்கு முட்டி வேற வலிக்குது. எதுக்குடா தரையில கெடந்து புரளணும்? வா, உள்ள போய் காபி குடிக்கலாம்."

இதையெல்லாம் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மண்ணெண்ணெய் வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நண்பன் என் முட்டியை நினைத்துக் கவலைப்படுகிறான் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. போய்க் காபி குடித்தேன்.

கிளம்பிய அன்று டிக்கின்சன் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் முதல் நிறுத்தம். வழக்கம்போல இறங்கிப் போனேன். ஓரினுடைய ட்ரெய்லரில் இடது பின் சக்கரம் மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் சூடு. அப்போது கொஞ்சம்தான். குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் உள்பக்கம் நீல நிறத்தில் கிரீஸ் ஒரு கோடாகத் தெறித்திருந்தது. நான் வைப்பது சிவப்பு கிரீஸ். ஆயுளில் நான் நீல கிரீஸ் வாங்கியதில்லை. ஹப் மூடியும் புதுசு, அதன் ஓரத்தில் யாரோ பதனமில்லாமல் சுத்தியலால் அடித்த பள்ளம் இருந்தது. யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள், அது நான் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். டெல்மருக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது.

"என்ன டாக்டரே, இந்த வருஷம் நோயாளி கூட்டமே இல்லயாமே? இருந்த ஒரே பேஷண்டும் பிஸ்மார்க்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டான் போல."

மேஜைக்கு அடியில் ஃபேய் அவன் காலை மிதித்தாள். என் காபி தளும்பியதில் எனக்குத் தெரிந்தது. ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓரின் உருளைக்கிழங்கு வறுவலுக்கு சாஸ் ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான். பிஸ்மார்க்கில் உள்ள ஏதோ ஒரு கடைக்கு ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எங்கள் ஊருக்கு அது பக்கத்து ஊர் இல்லை. எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு தூரம் போயிருக்கிறான். அந்த மேஜையில் அது தெரியாதவன் நான் ஒருவன்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபம் வந்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன், முடிந்திருக்கும். எனக்கு வந்தது வேறு. மார்லிஸைப் புதைத்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இல்லை. அவள் சாகத்தான் செய்தாள், என் முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்யவில்லை. இவர்கள் நாலு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். கேலனிடம் சொல்லாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கப்புறமும் முதல் நிறுத்தத்தில் நான் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் போவதை, சின்னப்பிள்ளை விளையாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஓரின் செய்தது துரோகம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்ததும் மறுபடி தொட்டுப் பார்த்தேன். சூடு குறையவில்லை. ட்ரெய்லரில் இரண்டு தட்டு தட்டினேன்.

ஏன் தட்டினாய் என்று கேட்பீர்கள். அவனே சொல்லட்டும் என்றுதான். "கடைக்குக் குடுத்துட்டேன்டா, தப்புதான்." இவ்வளவு போதும். என் பெட்டியில் புது பேரிங் இருந்தது, சீல் இருந்தது, சிவப்பு கிரீஸ் டப்பா இருந்தது. ஒரு மணி நேர வேலை. அந்த வார்த்தை வந்திருந்தால் அந்த நிமிடமே ஜாக்கியை எடுத்திருப்பேன். முட்டி வலியாவது ஒன்றாவது. நான் நியாயமில்லாதவன் இல்லை. அவனுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தேன்.

வயோமிங் தாண்டினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தொட்டேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தட்டினேன். சூடு ஏறிக்கொண்டே வந்தது. என்ன நடக்கிறது என்று கழற்றிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. நட்டை இறுக்கிவிட்டார்கள். கன்னை வைத்து பம்ப் அடித்து சீலைப் பிய்த்துவிட்டார்கள். கிரீஸ் பிரேக் கட்டையில் ஏறிக்கொண்டிருக்கிறது. சமவெளியில் இது ஓடும், நாள் கணக்கில்கூட ஓடும். மலை இறக்கத்தில் ஓடாது.

யூட்டாவில் ஒரு முகாமில் தங்கினோம். சாயங்காலம் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தபோது ஓரின் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றான்.

"சொல்லு."

"நீ கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு, அப்புறம் பாக்கலாம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் டெல்மர் வந்து நடுவில் உட்கார்ந்து, தன் கால்பந்து அணி தோற்ற கதையை ஆரம்பித்துவிட்டான். அது லேசில் முடிகிற கதை இல்லை. ஓரின் என் தோளைத் தட்டி எழுந்து, "நாளைக்கு இறங்கி சேர்ந்ததும் சொல்றேன்டா" என்று போய்விட்டான். சொல்வதற்கு மனசு இருந்தால் டெல்மர் இருந்தால் என்ன, அவன் அணி இருந்தால் என்ன? நானும் இனிமேல் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். நாளைக்கு இறங்கிச் சேர்ந்ததும் என்று அவன்தான் தேதி குறித்தான், நான் இல்லை.

மறுநாள் மதியத்துக்குமேல் ஃப்ளாக்ஸ்டாஃப் தாண்டி, மலை இறங்குவதற்கு முன்னால் இருக்கிற இளைப்பாறும் இடத்தில் நிறுத்தினோம். அந்த இறக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பைன் மரத்திலிருந்து கள்ளிச்செடி வரைக்கும் ஒரே மூச்சில் கீழே கொண்டுபோய் விட்டுவிடும். நான் ஓரினுடைய ட்ரெய்லரைச் சுற்றி வந்தேன். இடது பின் சக்கரத்தில் புறங்கையை வைக்கவே முடியவில்லை. பக்கத்தில் கொண்டுபோனதுமே இழுத்துக்கொண்டேன். இதோ, இந்த விரல் மூட்டில் தோல் உரிந்த தழும்பு இருக்கிறது பாருங்கள். அப்போது பட்டதுதான்.

ஆர்டிஸ் எனக்கு ஒரு டம்ளர் காபி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

"என்ன கேலன், இங்கிட்டு அனலா அடிக்குது?"

"வெயில் ஆர்டிஸ். வெயில் படற பக்கம் எப்பவும் சூடாத்தான் இருக்கும்."

"அந்தப் பக்கத்துச் சக்கரம் இவ்ளோ இல்லயே. நான் வேணா கை வச்சுப் பாக்கட்டுமா?"

அவள் கையை நீட்டினாள். நான் குறுக்கே போய், அவளுடைய இன்னொரு கையில் இருந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு எதுக்கு கிரீஸ் அழுக்கு? நான்தான் பாத்துட்டேன்ல."

"அதான் நீங்க பாத்துட்டீங்கல்ல" என்று அவளும் சிரித்தாள். "காபி ஆறிடப் போகுது, குடிங்க."

வெயில் படுகிற பக்கம் சூடாக இருக்கும் என்பது உண்மைதான், ட்ரெய்லர் இழுப்பவர்கள் எல்லோரும் நம்புகிற விஷயம். ஆனால் ட்ரெய்லர் நின்ற வாக்கில் இடது பக்கம் நிழலில் இருந்தது. அவள் நின்றது நிழலில். அது அவளுக்குத் தோன்றவில்லை. நான் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு தட்டு தட்டினேன்.

அப்புறம் நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன், வரிசையை ஏன் மாற்றினேன் என்று. எப்போதும் நான்தான் கடைசியில் வருவேன். பின்னால் இருந்து பார்த்தால்தான் முன்னால் போகிற சக்கரங்கள் தெரியும், புகை வந்தால் உடனே சொல்லலாம். அன்றைக்கு மட்டும் நான் முன்னால் போகிறேன் என்றேன், என் எஞ்சின் சூடேறுகிறது, யார் பின்னாலும் ஊர்ந்து போக முடியாது என்று காரணம் சொன்னேன். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பின்னால் டெல்மர், கடைசியில் ஓரின். டெல்மர் கண்ணாடியில் தன் மூக்கைத் தவிர எதையும் பார்க்கிறவன் இல்லை.

இதைத் திட்டம் என்று நீங்கள் எழுதினாலும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன். பின்னால் இருந்து புகையைப் பார்த்தால் என்னால் சும்மா இருந்திருக்க முடியாது. என் சுபாவம் அப்படி. பார்த்தால் சொல்லிவிடுவேன். பார்க்காமல் இருப்பதற்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

கீழே போய் ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் டெல்மர் வந்து சேர்ந்தான். ஓரினைக் காணோம். நான் உள்ளே போய்க் காபி வாங்கினேன். ஓரினுக்கும் சேர்த்து ஒன்று வாங்கினேன், அவனுக்குப் பால் நிறைய வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது மேலே சைரன் சத்தம் கேட்டது. ஃபேய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அவங்களா இருக்கக் கூடாது, அவங்களா இருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் தலையை ஆட்டினேன்.

நடந்தது உங்கள் ஆட்கள் எழுதியதுதான். பேரிங் எரிந்து, அச்சு முனை முறிந்து, சக்கரம் கழன்று போயிருக்கிறது. ட்ரெய்லர் ஆடியிருக்கிறது. ஆடிய ட்ரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தடுப்புக்கு வெளியே போய்விட்டது. ஓரின் அங்கேயே முடிந்துவிட்டான். ஆர்டிஸுக்கு இடுப்பு போய்விட்டது. இனி அவள் நடக்க மாட்டாள் என்கிறார்கள். பேரிங் எரிந்ததற்குக் கடைக்காரன்மேல் குற்றம் என்கிறார்கள், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நட்டை அப்படி இறுக்கியவன் பொறுப்பு ஏற்கத்தான் வேண்டும்.

உடலை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பெட்டியைத் தூக்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள், தூக்கினேன். முட்டி வலித்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை சாண்ட்விச், ஊறுகாய், யார் வீட்டிலோ செய்த இனிப்புகள். ஆர்டிஸைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேலன், அது என் வேலை" என்றாள். "கடைக்குக் குடுக்கச் சொன்னது நான்தான். போன வருஷம் நீங்க தட்டுல இருந்த பின்னை எடுக்கக் கையால தடவித் தடவித் தேடினீங்க. கண்ணுக்கு முன்னாடிதான் இருந்துச்சு. எனக்கு பயமாயிடுச்சு. அவரு ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாரு. என்கூடப் பேச்சையே நிறுத்திட்டாரு."

என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசில நான் அழுதப்புறம்தான் சரின்னாரு. அப்பவும் என்ன சொன்னாரு தெரியுமா? எவன் மாட்டினா என்ன, வழியெல்லாம் கேலன் தொட்டுப் பாக்கப் போறான்ல, அது போதும்னாரு."

பாவம், அவள் துக்கத்தில் இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவர்கள் செத்தவனைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். நானும் மார்லிஸைப் பற்றி அப்படிச் சொன்னவன்தான். என் கண்ணைப் பற்றி அவள் சொன்னதும் சரியில்லை. கொட்டகையில் வெளிச்சம் குறைவு.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அதற்கு அடுத்து நடந்தது. டெல்மர் ஒரு தட்டில் சாண்ட்விச்சோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் குரலை அவ்வளவு தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

"நீ மனசை அலட்டிக்காத கேலன். உன்மேல தப்பே இல்ல. வயசாயிடுச்சு, கைக்குத் தெரிஞ்சிருக்காது. எங்களுக்கே தெரியும், ரெண்டு வருஷமாவே நீ சும்மா தொடுற, ஒண்ணும் தெரியறதில்லன்னு. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் யாரும் சொல்லல."

அவனைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பாதிரியார்கூட ஆட்டினார். வயதான மனிதர், நல்ல மனிதர், கை மரத்துப்போய்விட்டது, சூடு தெரியவில்லை. இப்போது ஊரெல்லாம் அதுதான் பேச்சு. கடையில் ரொட்டி வாங்கப் போனால் கல்லாவில் இருக்கிற பெண் என் கையைத் தட்டிக்கொடுக்கிறாள். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இது வீண் பெருமை இல்லை. நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் கைக்குத் தெரிந்தது. டிக்கின்சனில் தெரிந்தது, வயோமிங்கில் தெரிந்தது, யூட்டாவில் தெரிந்தது, ஃப்ளாக்ஸ்டாஃபில் தோல் உரிகிற அளவுக்குத் தெரிந்தது. ஒரு தடவைகூட என் கை தவறவில்லை.

கடைசியாக அவன் ஏதாவது பேசினானா என்று கேட்டீர்கள். எங்கள் மூன்று வண்டியிலும் வாக்கி-டாக்கி உண்டு. டெல்மரும் கேட்டிருப்பான், ஆனால் அவன் வேறு மாதிரி புரிந்துகொண்டிருப்பான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் கிட்டத்தட்ட அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். ஓரின் இன்னும் மேலே இருந்தான்.

"கேலன், கேக்குதாடா? ஏதோ தீயற வாசன வருது."

"இறக்கத்துல எல்லாப் பிரேக்கும் அப்படித்தான் நாறும்" என்றேன்.

"இங்க சரளைப் பாதை ஒண்ணு வருது. அதுல ஏத்தி நிறுத்திப் பாக்கட்டுமா?"

பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகச் சாலையோரம் சரளை கொட்டிப் போட்ட பாதை அது. உங்களுக்குத் தெரியும். அதில் ஏறியிருந்தால் ட்ரெய்லர் புதைந்து நின்றிருக்கும். வெளியே இழுக்க ஒரு லாரி வந்திருக்கும். அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது.

"வேணாம். அதுல ஏறாத. நேரா வா."

வாக்கி-டாக்கி கரகரத்தது. பிறகு கேட்டான்.

"நீ மேல தொட்டுப் பாத்தல்ல?"

"பாத்தேன்."

"சரியாத்தான இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு."

"அப்ப போதும்டா" என்றான். ஆர்டிஸிடமும் ஏதோ சொன்னான், அவள் சிரிப்பது கேட்டது. சரளைப் பாதையில் ஏறாமல் தாண்டி வந்துவிட்டான்.

இவ்வளவுதான். சூடு எனக்குத் தெரிந்தது, தெரிந்தேதான் தட்டினேன், தெரிந்தேதான் நேராக வரச் சொன்னேன். இதற்குக் கொலை என்று பெயர் வைத்தால் வையுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். ஆனால் காரணத்தை விட்டுவிடாமல் எழுதுங்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருந்தவன், கடைசியில் என்னை நம்பாமல் போய்விட்டான்.